ஒரு முழம் அரக்குப் பட்டு

காஞ்சிபுரத்துச் சேலைக் கடைகளில் தினமும் நடப்பது இது. பிரித்துப் போட்ட இருபது சேலைகளில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "வெளிச்சத்துல பாத்துட்டு வரேன்" என்று வாங்க வந்த அம்மா வாசலுக்குப் போய்விடுவார். கடைக்குள்ளே எண்பது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதையெல்லாம் அவர் வெளிச்சக் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் தம்பி கடையில் இதற்கு மேலும் ஒன்று நடந்தது. கடையைப் பெரிதாக்கியபோது அறுபது எல்.இ.டி. விளக்கு போட்டான். அடுத்த தீபாவளிக்கு முன்னால் இன்னும் இருபது. இரண்டு முறையும் பெட்டியில், வெள்ளையின் சாயலைச் சொல்லும் எண்ணாக, 4000 கே என்றுதான் அச்சிட்டிருந்தது. மாட்டிய பிறகு பார்த்தால், புதிய இருபதும் லேசாகப் பச்சை தட்டிய வெள்ளை. ஒரு கல்யாண ஜவுளி நாளில், உடல் பழைய விளக்கின் கீழும் முந்தி புதிய விளக்கின் கீழுமாக விரிந்து கிடந்த அரக்குச் சேலையைப் பார்த்து, பெண்ணின் அத்தை கேட்டார்: "முந்தி மட்டும் வேற சாயமா?" ஒரே சாயந்தான் என்று தம்பி சொன்னதை அவர் நம்பவில்லை. நெய்தவர் எங்கள் சொந்தக்காரர். அவருடைய நாணயத்தின் மேல் விழுந்த சொல் அது. தம்பி அன்று இரவு சாப்பிடவில்லை.

விளக்கு விற்றவர், "ரெண்டும் நாலாயிரந்தாங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் தம்பி சீனாவுக்குக் கிளம்பினான். துணைக்கு நானும் போனேன். அந்தச் சேலையின் தறியிலேயே மிஞ்சிய ஒரு முழம் அரக்குப் பட்டைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டேன்.

ஹுவாச்சியாங்பெய், ஷென்ஷென்

சென்னை ரிச்சி தெருவை நிமிர்த்தி, மாடி மாடியாக அடுக்கி, பக்கத்திலேயே அதுபோல இன்னும் பத்துக் கட்டடம் எழுப்பினால் ஹுவாச்சியாங்பெய் என்ற மின்னணுச் சந்தை வந்துவிடும். ஒரு தளத்தில் கண்ணில் பட்டதெல்லாம் எல்.இ.டி. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இரண்டடி இடத்தில் ஒரு குடும்பமே இருந்தது. அம்மா நூடுல்ஸ் சாப்பிட, பையன் ஸ்டூலில் நோட்டை வைத்து வீட்டுப் பாடம் எழுத, அப்பா சினிமா ரீல் மாதிரியான சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுருளிலும் ஆயிரக்கணக்கில் சிறு சிறு சில்லுகள், அரிசி மணியை விடச் சிறியவை.

மொழிபெயர்க்க வந்த பெண் குவாங்ஷி பகுதியைச் சேர்ந்தவள், இருபத்து மூன்று வயது. என்னை முதல் நாளிலிருந்தே "ஆ-யி" என்றாள். அம்மா வயதுப் பெண்களை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். எங்கள் பக்கத்திலும் ஆயி என்றால் தாய்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் அதை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கூப்பிட்டாள்.

தம்பி, "4000 கே வேணும்" என்று ஆரம்பித்தான். கடைக்கார அம்மா நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். எங்கள் பெண் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: "அது ஊர்ப் பேரு. எந்தத் தெரு, எந்த வீடுன்னு கேக்கறாங்க."

சுருளின் ஓரத்தில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பொடி எழுத்தில் மூன்று குறிகள்: ஒன்று நிறத்துக்கு, ஒன்று பிரகாசத்துக்கு, ஒன்று மின்னழுத்தத்துக்கு. இதைத்தான் 'பின்' என்கிறார்கள், தானியத்தை ரகம் பிரித்துக் கொட்டும் குதிர் மாதிரி. 2008இல் வந்த அமெரிக்கத் தரத்தின்படி 4000 என்று அச்சிடும் விளக்கு 3710இலிருந்து 4260 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதோடு பச்சைப் பக்கமோ ரோஜாப் பக்கமோ கொஞ்சம் சாய்ந்தும் இருக்கலாம். அப்படியானால் எங்கள் பெட்டிகள் பொய் சொல்லவில்லை. இதைக் கேட்டதும் தம்பி முகத்தில் வந்தது கோபமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை.

பாவ்ஆன்

ஷென்ஷெனின் மேற்கில் பாவ்ஆன் வட்டாரம். நாங்கள் பார்க்கப் போன எல்.இ.டி. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே காலை உணவை முடிக்கிறார்கள். நாங்கள் கேட்டு வாங்கியது அரிசிக் கஞ்சி. பொங்கப் பொங்கக் கொதித்து, பருக்கை தெரியாமல் குழைந்து, மேலே இஞ்சியும் வேர்க்கடலையும் தூவியிருந்தது. இங்கிலீஷ்காரர்கள் இதற்குச் சொல்லும் பேரே எங்கள் கஞ்சியிலிருந்து போனதுதான் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தொட்டுக்கொள்ள ஒரு மோர் மிளகாய் இருந்திருந்தால் சொந்த ஊர்தான்.

உள்ளே போகும்போது நீல அங்கியும் தலைக்கு உறையும் கொடுத்தார்கள். எங்களோடு வந்த பொறியாளர் ஹுனான்காரர், முப்பத்தைந்து இருக்கும். முதலில் அவர் காட்டியது வெள்ளை ஒளியே இல்லை, கண்ணைக் குத்தும் நீலம். வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வதன் அடியில் இருப்பது நீலச் சில்லு. 1993இல் ஜப்பானின் அனான் என்ற சிறு நகரத்தில் நிச்சியா நிறுவனத்தில் இருந்துகொண்டு ஷுஜி நகாமுரா பிரகாசமான நீலத்தை உலகுக்குக் காட்டினார். 2014இல் அகாசாகி, அமானோ ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் பொடியைச் சிலிகான் பசையில் குழைத்து ஒரு சொட்டு விடுகிறார்கள். நீலத்தில் ஒரு பங்கைப் பொடி விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது. மீதி நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளை.

எல்லாக் கதையும் அந்தச் சொட்டில்தான். சொட்டு சற்றுப் பெருத்தால் வெள்ளை மஞ்சளாகும், சிறுத்தால் நீலமாகும். பொடி கனமானது, பசையில் மெல்ல அடியில் இறங்கும். அதனால் குழைத்தவுடன் விட்ட சொட்டும் நேரம் கழித்து விட்ட சொட்டும் ஒன்றல்ல. நீலச் சில்லும் எல்லாம் ஒரே நீலமில்லை. அது வளரும் உலையில் ஒரு டிகிரி சூடு மாறினாலே நிறம் நகர்ந்துவிடும்.

எனக்கு எங்கள் ஊர்ச் சாயப் பட்டறை நினைவுக்கு வந்தது. ஒரு சேலைக்கு வேண்டிய நூல் மொத்தமும் ஒரே தொட்டியில் முங்கியாக வேண்டும். நடுவில் நூல் பற்றவில்லை என்று இன்னொரு முறை சாயம் காய்ச்சினால், அதே ஆள், அதே தண்ணீர், அதே பொடி என்றாலும் அந்த நிறம் திரும்ப வராது. தறியில் ஏறிய பிறகு அது கோடாகத் தெரியும். இதைப் பொறியாளரிடம் சொல்லச் சொன்னேன். அவர் நடந்துகொண்டிருந்தவர் நின்றார். அதுவரை எங்களை வாடிக்கையாளர்களாகப் பார்த்தவர், அதன் பிறகு இன்னொரு தொழிற்சாலையிலிருந்து வந்தவர்களைப் போல நடத்தினார்.

பிரிக்கும் கூடத்தில் சத்தம் அதிகம். இந்த வேலைக்கு அங்கே 'ஃபென் குவாங்' என்று பெயர். ஒளியைப் பிரிப்பது என்று அர்த்தம். சுழலும் தட்டில் சில்லுகள் வரிசையாக வருகின்றன. இரண்டு ஊசிகள் தொட்டு மின்சாரம் கொடுக்க, சில மில்லி விநாடி மட்டும் எரிகிறது. வெள்ளை பூசிய சிறு கோளம் அந்த ஒளியை வாங்கிக்கொள்கிறது, நிறமாலைமானி படிக்கிறது. அடுத்த கணம் காற்று ஊதி, நூற்றுக்கும் மேற்பட்ட குழாய்களில் ஒன்றுக்குள் சில்லைத் தள்ளிவிடுகிறது. மணிக்குப் பல்லாயிரம். நான் ஒரு சில்லைக் கண்ணால் தொடர்ந்து போய்ப் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

எல்லாரும் 'ஷிஃபு' என்று அழைத்த ஒருவர், நம் ஊர் மேஸ்திரி போல, இயந்திரங்களுக்கு நடுவே ஒரு சிறு பெட்டியோடு சுற்றிவந்தார். அதில் ஏற்கனவே அளந்து எண் எழுதிய சில்லுகள். ஷிஃப்ட் தொடங்கும்போது அவற்றை ஒவ்வொரு இயந்திரத்திலும் போட்டு, எழுதிய எண்ணே வருகிறதா என்று பார்க்கிறார். வராவிட்டால் இயந்திரத்தைத் திருத்துகிறார். நம் பத்தர்கள் உரைகல்லில் நகையை உரைத்து, பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த உரையாணியையும் உரைத்து ஒப்பிடுவார்களே, அதே வேலை. அந்தச் சில்லுகளுக்கும் ஓர் உரையாணி உண்டு: ஆய்வகத்துப் பெரிய கோளத்தில் எரியும் ஒரு ஹாலஜன் விளக்கு. அதன் அளவு பெய்ஜிங்கின் தேசிய அளவியல் நிறுவனத்தில் போய் முடிகிறது. எரிய எரிய அந்த விளக்கும் தேயும் என்பதால், அதை எரித்த ஒவ்வொரு நிமிஷத்தையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த நோட்டின் பக்கங்கள் ஓரம் மடங்காமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தன. எனக்கு அந்தத் தொழிற்சாலையின் மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

ஆய்வகத்தில்தான் முதன்முதலில் என் பட்டை வெளியே எடுத்தேன். பொறியாளர் அதை வெள்ளைப் பலகையில் விரித்து ஒரு விளக்கைப் போட்டார். எனக்கு வயிறு கலங்கியது. பழம்புளி நிறம். அரக்கில் இருக்கும் சிவப்பு செத்துக் கிடந்தது. அடுத்த விளக்கைப் போட்டார். ரத்தம் ஏறியது. இரண்டுமே 4000, வெள்ளைப் பலகையில் இரண்டும் ஒரே வெள்ளை. முதல் விளக்கின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. விளக்குப் பெட்டியில் போடும் நிறக் குறியீட்டு எண், வெளிறிய எட்டு நிறங்களை வைத்துப் போட்ட சராசரி. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவதாக நிற்கிறது, அந்தச் சராசரிக்குள் அதற்கு இடமில்லை. அதனால் 80 என்று மார்தட்டும் விளக்கின் ஒன்பதாவது எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இருக்கலாம். "ஆர் ஒன்பது எவ்வளவுன்னு கேக்காம சேலைக் கடைக்கு விளக்கு வாங்காதீங்க" என்றார். இத்தனை வருஷம் அரக்கும் குங்குமமும் விற்ற எங்களுக்கு இதை எவரும் சொன்னதில்லை.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். அவர் இரண்டு வருஷங்களைச் சொன்னார். 1931: நிறத்தை எண்ணாக்கும் முறை அன்று வகுக்கப்பட்டது. அதற்கு ஆதாரம் இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்ற இருவர் தனித்தனியே செய்த சோதனைகள். கலந்துகொண்டவர்கள் பத்துப் பேரும் ஏழு பேருமாக மொத்தம் பதினேழு. 1942: அமெரிக்காவின் ராச்செஸ்டரில், கோடாக்கில் இருந்த மக்ஆடம், இரண்டு நிறங்கள் எவ்வளவு நெருங்கினால் கண்ணுக்கு ஒன்றாகிவிடும் என்று அளந்தார். அதற்காகச் சுமார் 25,000 முறை நிறம் பொருத்திப் பார்த்தது பெரும்பாலும் ஒரே ஆள். ஆய்வுத்தாளில் பி.ஜி.என். என்ற எழுத்துகளால் குறிக்கப்பட்டவர். இன்றைக்கும் விளக்கு விற்கிறவர்கள் 'மூணு படி', 'அஞ்சு படி', 'ஏழு படி' என்று பேசுவது அந்த ஒருவர் கண்ணால் அளந்த படிகளைத்தான். பெட்டியில் 4000க்கு ஒதுக்கிய அந்த அகலமான இடம் ஏழு படி. மூன்று படிக்குள் இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் மாட்டலாம், எவருக்கும் உறுத்தாது.

அன்று முழுக்க எனக்கு இதே நினைப்பு. நிறமாலைமானி எத்தனை நுட்பமாக எண் கொடுத்தாலும், அந்த எண்ணின் அடியில் யாரோ சிலருடைய கண் இருக்கிறது. வாசலுக்குப் போய்ச் சேலையைப் பார்க்கும் அம்மாவின் கண்ணுக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

பாவ்ஆன், இருட்டறை

பெரிய எல்.இ.டி. திரைகள் செய்யும் இன்னொரு கட்டடத்துக்குப் பொறியாளரே அழைத்துப் போனார். எங்களுக்கு வாங்க ஒன்றுமில்லை. பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

சுவர், தரை, கூரை எல்லாம் கறுப்பு. வேலை செய்கிறவர்களும் கறுப்புச் சட்டை, வெளிர்ச் சட்டை போட்டால் அதில் பட்ட ஒளி திரும்பிக் கேமராவுக்குப் போய்விடுமாம். நடுவில் ஒரு திரை. வெறும் சிவப்பு போட்டார்கள். கோணித் துணி மாதிரி இருந்தது. அங்கங்கே திட்டு, சதுரம் சதுரமாக ஒட்டு. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சில்லு. பிரித்து, ஒரே பின்னில் எடுத்து, ஒரே இடத்தில் குவிந்துவிடாதபடி பல சுருள்களைக் கலந்து போட்ட பிறகும் இந்த நிலைமை. அடுத்தடுத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே நூற்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் கண் அதைக் கோடாகப் பிடித்துவிடுகிறது.

முதலில் திரையைச் சூடேற விடுகிறார்கள். அவசரப்பட்டால் எல்லாம் கெடும், சூட்டில் பச்சையையும் நீலத்தையும் விடச் சிவப்பு அதிகமாக மங்கும். பிறகு கேமரா ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் படமெடுக்கிறது. படத்திலிருந்து ஒவ்வொரு சில்லின் பிரகாசத்தையும் நிறத்தையும் கணினி எடுத்து, புள்ளிக்கு ஒன்பது எண் போடுகிறது: சிவப்பு வேண்டும் என்றால் இந்தப் புள்ளி எவ்வளவு சிவப்பு எரிய வேண்டும், அதில் எத்தனை துளி பச்சையும் நீலமும் சேர வேண்டும் என்று. பச்சைக்கும் நீலத்துக்கும் அப்படியே. எண்களைப் பலகையின் நினைவகத்தில் எழுதிவிட்டார்கள்.

பொத்தானைத் தட்டினார். கோணி போய்விட்டது. ஒரே தொட்டியில் முங்கி எழுந்த பட்டு போல, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சிவப்பு. தம்பி என் தோளைப் பிடித்தான். "அக்கா, நம்ம சாயக்காரருக்கு இதைக் காட்டணும்" என்றான்.

பிரகாசமும் கொஞ்சம் குறைந்ததைக் கவனித்தேன். மங்கலான சில்லை ஏற்ற வழியில்லை, அதனால் மற்றவற்றை அதன் மட்டத்துக்கு இறக்குகிறார்கள். அதற்கென்றே முதலில் கூடுதல் பிரகாசத்தோடு செய்கிறார்கள். ஓடி ஓடிச் சில்லுகள் ஒரே மாதிரி மூப்படைவதில்லை என்பதால், காலம் போனதும் மறுபடி கேமராவோடு போய் எண்களைத் திருத்த வேண்டும்.

வெளியே வந்ததும் பொறியாளர் ஒரு சொல் கற்றுக்கொடுத்தார். 'ச்சாபுதுவோ'. பெரிய வித்தியாசமில்லை, பரவாயில்லை, போதும். நிறவேறுபாட்டுக்கு அவர்கள் சொல்லும் 'ஸ-ச்சா'விலும் அதே 'ச்சா' எழுத்துதான். இந்த ஒரு சொல்லைத் தன் ஆட்கள் வாயிலிருந்து எடுக்கப் பத்து வருஷம் ஆனது என்றார். நம் 'பரவால்லங்க'வை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

முத்தாற்றின் மேலே

ஷென்ஷெனிலிருந்து ஜோங்ஷானுக்கு இப்போது கடல்வாயின் குறுக்கே வழி இருக்கிறது. 2024 ஜூனில் திறந்த, சுமார் 24 கிலோமீட்டர் நீளமுள்ள பாலமும் சுரங்கமும். தண்ணீருக்கு அடியில் போகும்போது எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் கூரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வரிசையில் எதுவும் பச்சை தட்டவில்லை. மூன்று நாளில் என் கண் இப்படியாகிவிட்டது, இனி திருப்ப முடியாது என்று தோன்றியது.

அந்தப் பக்கம் வந்ததும் வானம் அகன்றது. மீன் குட்டைகள், வாழை, நடுவே நடுவே தொழிற்சாலைக் கூரை. மதியம் சியாவ்லான் என்ற ஊரில் சாப்பிட்டோம். சாமந்திக்குப் பெயர்போன ஊர். உட்கார்ந்தவுடன் கிண்ணத்தையும் குச்சியையும் சூடான தேநீரால் கழுவுகிறார்கள். யாராவது நம் கோப்பையில் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்ல வேண்டும். கடைசி நாட்களில் அவரைக்கொட்டையை மட்டுமே தின்னக் கொடுத்து வளர்த்த கெண்டை ஒன்று வந்தது. சதை நறுக்கென்று கடிபடுகிறது, மீன் என்று சொல்லாவிட்டால் தெரியாது. தம்பி மூன்று துண்டு கேட்டு வாங்கினான். எனக்கு மனம் ஒட்டவில்லை. கெண்டை என்றால் புளியில் கொதிக்க வேண்டும்.

குஜென்

பக்கத்து ஊர்தான் குஜென். சீனாவின் விளக்குத் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். தெருவுக்கு இருபுறமும் கிலோமீட்டர் கணக்கில் விளக்குக் கடைகள். பட்டப்பகலில் கண்ணாடிச் சரங்கள் எரிகின்றன. எங்கள் காந்தி ரோட்டில் அடுத்தடுத்துச் சேலைக் கடை இருப்பது போலத்தான். ஒரே தொழிலைச் செய்யும் ஊருக்கென்று ஒரு முகம் இருக்கிறது: டீக்கடையிலும் அந்தப் பேச்சு, சைக்கிளில் போகிறவர் கேரியரிலும் அந்தச் சரக்கு. இங்கே வண்டி வண்டியாகப் போனது அலுமினியக் கூடு.

ஒரு பட்டறையில் தம்பி கேட்டது கிடைத்தது. கண்ணாடிக்கு முன்னால் மாட்ட, காலை வெயிலிலிருந்து உச்சி வெயில் வரை மாற்றக்கூடிய பன்னிரண்டு விளக்கு. வாசலைக் கடைக்குள்ளே கொண்டுவர வேண்டும் என்பது அவன் ஆசை. உள்ளே மஞ்சள் வெள்ளை ஒன்று, நீல வெள்ளை ஒன்று என இரண்டு வரிசைச் சில்லு. இரண்டையும் கலந்தால் நடுவில் வரும் வெள்ளை லேசாக ரோஜா தட்டும் என்பதால், அதைச் சரிக்கட்ட இளம்பச்சை ஒன்று. விளக்கை ஆளுயரக் கோளத்துக்குள் தொங்கவிட்டு, சூடேறக் காத்திருந்து, மூன்றையும் தனித்தனியாக எரித்து அளந்து, எவ்வளவு கலக்க வேண்டும் என்ற எண்ணை விளக்கின் சிப்பிலேயே எழுதினார்கள். பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு விதமான எண், ஒளி மட்டும் ஒன்று. மேல் விளக்குகளை மூன்று படிக்குள், ஆர் ஒன்பது பார்த்து எடுத்தோம். உதிரியாகப் பத்து, அதே பின்னில்.

அப்போதுதான் நான் சில நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். நல்ல பின்களை எடுப்பவர்கள் எடுத்துவிடுகிறார்கள். மற்றக் குழாய்களில் விழுந்தவை எங்கே போகின்றன? பட்டறைக்காரர் தயங்காமல் சொன்னார்: "எதையும் தூக்கிப் போடறதில்ல. விலை குறைச்சு வித்துடுவோம். விலை மட்டும் கேக்கற ஊருக்கு அது போவும்." எங்களைக் குத்தச் சொன்னதில்லை. ஆனால் எனக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்து வகுப்பறை நினைவுக்கு வந்தது. ஒரு குழல் பச்சை, ஒரு குழல் நீலம், அதன் கீழே வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள். அந்த விளக்குகளை வாங்கியவர்கள் விலையை மட்டும் கேட்டிருப்பார்கள். நாங்களும் முன்பு அதைத்தான் கேட்டோம்.

சாயங்காலம் பணம் கொடுத்து முடித்த பிறகு, பட்டறைக்காரரின் அம்மா எங்களுக்குப் பாதாம் பிஸ்கட்டும் தேநீரும் கொண்டுவந்தார். எழுபது வயதிருக்கும். என் மடியில் இருந்த பட்டைத் தொட்டுப் பார்த்தார். கொடுத்துவிடலாம் என்று தோன்றியது, கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த அத்தனை விளக்கையும் கடந்து, மெல்ல நடந்து தெரு வாசலுக்குப் போனார்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, மேகம் வேறு. துணியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவர், மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து ஏதோ சொன்னார்.

"என்ன நிறம்னு காலையில பாத்துச் சொல்றாங்களாம், ஆ-யி" என்றாள் எங்கள் பெண்.